ஏழாம் தட்டில் விழுந்த சாம்பல்

தொண்ணூற்றெட்டாம் வருடம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில், ஒரு கல் உடைக்கும் கிரஷருக்குப் பக்கத்து ஊரில், வாரத்துக்கு இரண்டு நாள் நான் வீடு வீடாக ஏறி எவர்சில்வர் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிச்சை எடுக்கவில்லை, ஆராய்ச்சி செய்தேன். பார்க்கிறவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

என் ஆராய்ச்சி எரிமலைச் சாம்பலைப் பற்றியது. எரிமலை வெடித்து மேலே போகிற மேகத்திலிருந்து சாம்பல் எப்படிக் கீழே விழுகிறது, எது எவ்வளவு தூரம் போகிறது என்பதைக் கணக்கிட வேண்டும். எரிமலையை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதுவரை நான் ஏறிய அதிகபட்ச உயரம் திருக்கழுக்குன்றம் மலைக்கோயில் படிக்கட்டு. அதிலும் நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தேன்.

ஊரிலிருந்து அம்மா எஸ்.டி.டி.யில் பேசும்போது கேட்டாள்.

"எரிமலை எங்கடா இருக்கு?"

"இந்தோனேசியாவுல."

"நீ அங்கயா போகப் போறே?"

"இல்லம்மா, செங்கல்பட்டுக்கு."

"சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

செங்கல்பட்டு யோசனை என் புரொபசருடையது. "எரிமலை இல்லேன்னா என்னய்யா? தூசி கிளம்புற இடம் ஒண்ணு வேணும், அவ்வளவுதானே? விழுற விதி ரெண்டுக்கும் ஒண்ணுதான்" என்றார். கிரஷர் எரிமலை, கல் தூசி சாம்பல். மத்தியானத்துக்கு மேல் மாமல்லபுரம் பக்கமிருந்து கடல்காற்று கிளம்பி வரும். அது கிரஷர் தூசியை மேற்கே தள்ளும். அந்தப் பாதையில் ஒரே கோட்டில் பதினோரு இடங்களில் தட்டு வைத்து, எந்தத் தட்டில் எவ்வளவு விழுகிறது என்று எடை போட வேண்டும்.

தட்டு என்றால் தாம்பாளம். செங்கல்பட்டு பஜாரில் பதினொன்று வாங்கியபோது பாத்திரக் கடைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக, "சீர்வரிசையா? மாப்ள நீங்கதானா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். இருபத்தாறு வயதில் அதைக்கூடச் சொல்லிப் பார்க்காவிட்டால் எப்படி?

அப்போது நான் ஊரப்பாக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்து, இரண்டாயிரமாம் வருடம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று சொல்லி, அதைச் சரி செய்ய அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார்கள். உலகத்தைக் காப்பாற்ற அவர்கள் விமானம் ஏறினார்கள்; நான் கையில் பெயிண்ட் பிரஷ்ஷோடு செங்கல்பட்டு எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினேன். பல நாள் காலையில் நான் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை, டிக்கெட் கவுன்ட்டரில் "செங்கல்பட்டு ஒண்ணு" என்பதாகத்தான் இருக்கும். சாயங்காலம் "ஊரப்பாக்கம் ஒண்ணு." நடுவில் பேச ஆள் கிடையாது. அறையில் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் "வணக்கம்" என்றால் நானும் வணக்கம் சொல்வேன். மரியாதைக்காக மட்டும் இல்லை.

ஏழாவது தட்டு ஒரு மாடி வீட்டில் இருந்தது. கீழே வீட்டுக்கார அம்மா. வெளியே சுவரை ஒட்டி இருபது படி. மேலே மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறை. அதில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னுடைய 'எரிமலை'யிலிருந்தே ஜல்லி ஏற்றிப் போகிற டிப்பர் ஓட்டியவர். மதுராந்தகம் பக்கம் வண்டி கவிழ்ந்து, வலது காலுக்குள் கம்பியும் பிளேட்டும் வைத்திருந்தார்கள். மனைவி ஷூ கம்பெனிக்குக் காலை ஏழு மணிக்குப் போனால் திரும்ப இரவு ஏழு ஆகும். நடுவில் பன்னிரண்டு மணி நேரம் அவரும் அந்த மொட்டை மாடியும் ஒரு ஊன்றுகோலும்தான்.

முதல் நாள் தாம்பாளத்தை வைத்தபோது, "இன்னா சார் இது, மழைத்தண்ணி புடிக்கவா?" என்றார்.

"தூசி பிடிக்க."

"தூசியா? இத்தினி வருசமா அத்த தொடைச்சு வெளில போட்டுகினு கீறோம். நீ தட்டு வச்சுப் புடிக்கிறியா?"

விளக்கினால் நேரமாகும் என்று சிரித்துவிட்டு இறங்கிவிட்டேன். அப்புறமும் பல வாரம் அப்படித்தான். செவ்வாயும் வெள்ளியும் மாடி ஏறுவேன். தட்டில் இருப்பதைப் பிரஷ்ஷால் கூட்டி பாலிதீன் கவரில் போடுவேன். நோட்டில் தேதியும் நேரமும் எழுதுவேன். ஐந்து நிமிடம். அவர் ஏதாவது கேட்பார். "இன்னா சார், இன்னிக்கு எவ்ளோ வுளுந்துச்சு?" "கொஞ்சம்தாங்க." "டீ குடிக்கிறியா?" "இல்லீங்க, இன்னும் நாலு வீடு இருக்கு." அந்த நாலு வீட்டில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. ஆனாலும் ஆராய்ச்சியாளன் அவசரத்தில் இருப்பதுதான் அழகு என்று ஒரு நினைப்பு.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஏழாம் தட்டு இருந்த மாடிக்கு ஏறியதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்று ஸ்டவ்வைப் பம்ப் அடித்து டீ போட்டார். இப்போது ஓட முடியாது. பேச வேண்டியதாயிற்று.

பேச ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாமல் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. மலை வெடித்தால் சாம்பல் மேகம் பத்துப் பதினைந்து மைல் உயரத்துக்கு எழும்பும், அதற்கு மேல் போக முடியாமல் குடை விரித்த மாதிரி பக்கவாட்டில் பரவும், அந்தக் குடையிலிருந்து பெரிய கல் மலைக்குப் பக்கத்திலேயே விழும், மணல் அதைத் தாண்டி விழும், மாவு மாதிரியான தூள் காற்றோடு எங்கோ போய்விடும் என்றேன்.

"இது தெரியாதா? டிப்பர்ல தார்ப்பாய் கட்டாம போனா, மொதல்ல ஜல்லி வுளும், பொறவு மணலு வுளும். தூளு மட்டும் பின்னாடி பைக்ல வர்றவன் கண்ணுக்குப் போவும். அவன் நம்ம அம்மாவ திட்டுவான்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் நாற்பது பக்கத்தில் எழுதியிருந்ததை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். விடக்கூடாது என்று அடுத்ததைச் சொன்னேன். "அதுல ஒரு சூட்சுமம் இருக்குங்க. அந்த மாவு எல்லாமே தூரமா போறதில்ல. மேகத்துக்குள்ள ஈரம் இருக்கும். ஈரத்துல தூள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, உருண்டையாகி, ஆலங்கட்டி மழை மாதிரி சீக்கிரமே விழுந்துடும். அதனால மலையை விட்டு ரொம்பத் தள்ளி, திடீர்னு ஒரு இடத்துல சாம்பல் அதிகமா கெடக்கும்."

"இங்க கெடக்குதா?"

"கிரஷர்ல தூசி அடங்கத் தண்ணி தெளிக்கிறாங்களே, அதனால கெடைக்கலாம். ஆனா ஒரு உருண்டைகூட இதுவரைக்கும் கெடைக்கல. கெடைச்சா என் படிப்பே வேற மாதிரி ஆயிடும்."

"எம்மாம் பெருசு இருக்கும்?"

"மிளகு சைஸ்."

அவர் தலையாட்டினார். அன்றைக்கு அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மீதி நாலு தட்டும் தூசியோடு அப்படியே கிடந்தன.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஏழாம் தட்டில் மூன்று உருண்டைகள் இருந்தன.

அன்றைக்கு நான் போட்ட ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், மொட்டை மாடியைச் சுற்றி ஓடினேன், அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "இன்னா சார், இதுவா நீ சொன்னது?" என்று ஒன்றுமே தெரியாதவர் மாதிரி கேட்டார். டீ போட்டார். சாயங்காலம் வரை இருந்தேன். வெள்ளிக்கிழமை ஐந்து உருண்டை. அதற்கடுத்த வாரம் ஒன்பது. மற்றப் பத்துத் தட்டுகளிலும் ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்று ஒரு விஞ்ஞானி யோசிக்க வேண்டுமா இல்லையா? யோசித்தேன். 'ஏழாம் தட்டு இருக்கும் தூரத்தில்தான் உருண்டைகள் விழும்' என்று ஒரு கொள்கையே உருவாக்கி, நாலு பக்கம் கணக்கும் போட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. செவ்வாய் வெள்ளி என்றால் காலையிலேயே எனக்கு உற்சாகம் வந்துவிடும். அவர் ஆந்திரா ரூட்டில் வண்டி ஓட்டிய கதையெல்லாம் சொல்வார். நான் சொல்வதற்கு விஷயம் சேர்த்து வைத்துக்கொண்டு போவேன். இது ஆராய்ச்சி மகிழ்ச்சி என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒரு கருத்தரங்கில் இதைப் படிக்கப் பேர் கொடுத்தாகிவிட்டது. கட்டுரைச் சுருக்கமும் அனுப்பியாகிவிட்டது. அப்புறம்தான் உருண்டைகளைப் பிலிம் டப்பாவில் போட்டு புரொபசரிடம் கொண்டுபோனேன். அவர் டப்பாவைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனில் பேசப் போனார். திரும்பி வந்தபோது, மேஜையோரத்திலிருந்து டப்பா வரைக்கும் ஒரு வரிசை எறும்பு.

"எரிமலைக் கல்லை எறும்பு திங்குமாய்யா?"

"ரூம்ல சர்க்கரை சிந்தியிருக்கும் சார், டப்பா மேல பட்டிருக்கும்" என்றேன்.

அவர் ஒரு உருண்டையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து எனக்கு இடம் விட்டார். குனிந்து பார்த்தேன். உருண்டையின் ஒரு பக்கத்தில், அலை அலையாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஐந்தாறு கோடுகள்.

"எரிமலைக்குக் கைரேகை உண்டுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன்" என்றார் புரொபசர்.

சிரித்திருந்தால்கூடத் தேவலாம். சிரிக்கவில்லை. கருத்தரங்குக்காரர்களுக்கு என் கையாலேயே கடிதம் எழுத வைத்தார். 'மாதிரிகள் தூய்மையானவை அல்ல என்பதால் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.' அறைக்கு வெளியே இரண்டு ஜூனியர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் எவ்வளவு விழுந்ததோ தெரியாது. அன்று முழுக்க யார் விரலைப் பார்த்தாலும் எனக்கு எரிந்தது.

வெள்ளிக்கிழமை ஏழாம் தட்டு வீட்டு மாடிக்கு ஏறினேன். படியில் என் காலடி கேட்டதுமே உள்ளேயிருந்து குரல். "வா சார், வா! இன்னா சொன்னாரு உங்க வாத்தியாரு? பாஸா?"

"அந்த உருண்டையை யார் செஞ்சது?"

ஒரு நொடி பார்த்தார். அப்புறம், திருட்டுத்தனமாக மிட்டாய் தின்று மாட்டிக்கொண்டவர் மாதிரி சிரித்தார். "கண்டுபுடிச்சுட்டியா? எப்டி?"

"உங்க கைரேகை இருக்கு அதுல."

"அட!" என்றார். விரலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "மொதல்ல சும்மா தண்ணில உருட்டுனேன் சார். காஞ்சதும் உதுந்துபூடுச்சு. பொறவு சோறு வடிச்ச கஞ்சில உருட்டுனேன். கெட்டியா நின்னுச்சு. வெயில்ல வச்சு…"

செய்முறையை அவ்வளவு ஆசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் முடிக்க விடவில்லை.

"எதுக்கு செஞ்சீங்க? என்னோட ரெண்டு மாச வேலை போச்சு. புரொபசர் முன்னால நான் கோமாளி ஆயிட்டேன்."

சிரிப்பு போய்விட்டது. "நீ உருண்டை கெடைக்கலன்னு மூஞ்சிய தொங்கப் போட்டுகினு இருந்தே சார்."

"அதுக்கு?"

"கெடைச்ச அன்னிக்கு சாய்ந்தரம் வரிக்கும் குந்திகினு இருந்தே. கெடைக்காத அன்னிக்கு அஞ்சு நிமிசத்துல எறங்கிப் போய்ட்டே இருப்பே." அதற்கு மேல் என்னைப் பார்க்காமல் கைப்பிடிச் சுவரைப் பார்த்துச் சொன்னார். "இது உனக்கு இம்மாம் பேஜாரு ஆவும்னு எனக்குத் தெரியல."

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. நான் சொன்னேன்: "உங்களுக்கு வேலை இல்ல, பொழுது போகல. அதுக்கு நான்தான் கெடைச்சேனா?"

கடல்காற்று அப்போதுதான் கிளம்பியிருந்தது. கொடியில் காய்ந்த அவர் மனைவியின் புடவை படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் ஊன்றுகோலைத் தேடி எடுத்து, நொண்டிக்கொண்டே போய், தாம்பாளத்தை எடுத்து அவர் லுங்கியிலேயே துடைத்து என்னிடம் நீட்டினார்.

"தப்புதான் சார். எடுத்துகினு போ."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். 'டீ குடிக்கிறியா' என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. முதல் முறையாக எனக்கு அது குறையாகத் தெரிந்தது.

ஏழாம் தட்டை அதே தூரத்தில் வயலோரம் இருந்த ஒரு பம்ப்செட் கொட்டகையின் கூரைமேல் வைத்தேன். அங்கே யாரும் குடியில்லை. தூசி ஒழுங்காக விழுந்தது. கணக்குப்படி, கொஞ்சமாக, மெல்லிய மாவாக, ஒரு உருண்டைகூட இல்லாமல். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஊருக்குள் போனால் அந்த வீட்டைத் தாண்ட வேண்டும் என்பதால், ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். கரையின் மேல் நின்றால் அந்த வீட்டின் ஷீட் கூரை தெரியும். தலையைத் திருப்பிக்கொள்வேன்.

ஊரப்பாக்கத்து அறைக்குத் திரும்பினால் ரேடியோக்காரரின் வணக்கத்துக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. டிரெயினில் ஒருநாள் எதிர் சீட்டில் ஒருவர், கவிழ்ந்துபோன சாம்பார் கேரியரை, கவிழ்ந்தது தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டுத் தூங்கினார். 'இதை மாடி வீட்டு டிரைவரிடம் சொல்ல வேண்டும்' என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு மாதமாக நான் ஒவ்வொன்றையும் அவரிடம் சொல்வதற்காகத்தான் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று. அவருக்குப் பொழுது போகவில்லை என்று சொன்னேனே, எனக்கு மட்டும் என்ன போய்க்கொண்டிருந்தது?

அப்படியும் உடனே போகவில்லை. வெட்கத்துக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, கையில் தட்டு இல்லாமல், கால் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு போனேன். படியேறினால் கதவில் பூட்டு. கொடியில் துணி இல்லை. ஸ்டவ் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் வட்டமாக இருந்தது.

கீழே வீட்டுக்கார அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"காலி பண்ணிகினு போய் அஞ்சாறு நாளு ஆவுது தம்பி. பொண்டாட்டியோட அண்ணன் வூட்டுக்கு, ஆந்திரா பக்கம். அட்ரஸா? அத்த யாரு கேட்டு வச்சா?"

திரும்பப் போனவனை அவரே கூப்பிட்டார். "தட்டு வைக்க வருவியே, அது நீதானே? உனக்காவத்தான் அந்த மன்சன் இங்க சேரைப் போட்டுகினு குந்திகினு இருந்தாரு."

"எங்க?"

"இதோ, இந்த வாசல்ல. செவ்வா, வெள்ளின்னா காலைலயே எறங்கிடுவாரு. எறங்குறதுன்னா லேசா? கம்பி வச்ச காலு. குந்திக் குந்தி இருவது படியும் புட்டத்தாலே தேய்ச்சுகினு வருவாரு. மேல ஏறவும் அப்டியே. இன்னாத்துக்கு இந்த வேலைன்னு நான் திட்டுனேன். சாரு இந்தப் பக்கமாத்தான் போவணும், ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்னாரு."

"என்ன வார்த்தைம்மா?"

"அத்த எங்கிட்ட சொல்லலியே" என்றுவிட்டு முறத்தைத் தட்டினார்.

அந்தச் செவ்வாய் வெள்ளிகளில் நான் ஏரிக்கரை மேல் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். அந்த வாசலுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு வேலியும் நாலு பனைமரமும்தான். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

வீட்டுக்கார அம்மாவின் பக்கத்தில் மிக்சர் பொட்டலத்தை வைத்துவிட்டு வந்தேன். சாலையில் பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது. தூசி மேற்கே போய்க்கொண்டிருந்தது. நோட்டை எடுக்கவில்லை.

ஆய்வேட்டை இரண்டு வருடம் கழித்து முடித்தேன். உருண்டை பற்றி அதில் ஒரு வரி கிடையாது. கடைசியில் நன்றி சொல்லும் பக்கம் எழுத உட்கார்ந்தபோது, புரொபசர், கிரஷர் மேனேஜர், தட்டு வைக்க மாடி கொடுத்தவர்கள் என்று வரிசையாக வந்தது. அவரிடம் வந்ததும் பேனா நின்றது. இரண்டு மாதம் அவர் கையால் டீ குடித்திருக்கிறேன், பெயரைக் கேட்டதில்லை. நோட்டு முழுக்க அவர் வெறும் 'ஏழு'தான்.

இந்தக் கதையை நண்பர்களிடம் சொன்னால், கைரேகை இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்; சிரிக்கும்படிதான் நானும் சொல்வேன். அவர் வாசலில் உட்கார்ந்து சொல்ல நினைத்த அந்த ஒரு வார்த்தை மன்னிப்பாகத்தான் இருந்திருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த வார்த்தை இருபது படி ஏறி என்னிடமிருந்து அவருக்குப் போயிருக்க வேண்டியது என்பது எனக்கு மட்டும் தெரியும்.